மாடம்மாளின் கடைசிப் பொட்டலம்

திருவனந்தபுரம் கரமனையில் முத்தாரம்மன் கோயில் நடைக்கு முன்னால் பூ விற்கும் மாடம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் மனுவை மூன்று பேர் வாசித்தோம். முதலில் நான். மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பிறகு மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கும் பிறகு பஸ் ஸ்டாப்பில் லாட்டரி விற்பவரிடம். சாயங்காலம் என் அறைக்குப் படியேறி வந்து நின்றார்.

"தம்பி, மூணு பேரும் ஒண்ணுபோலத்தான் வாசிச்சிய."

"பின்னே என்னக்கா? சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்."

"அது செரி. மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு வாசிச்சியன்னா நான் என்ன செய்யதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. நான் வரலாற்றில் எம்.ஏ. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி எழுதிய முதல் ஆள் நான். தாழக்குடிப் பக்கம் வயல் வேலை செய்யும் அப்பா, என் பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குமேல் மாட்டி வைத்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கோயிலுக்குப் பின்னால் மாடி அறையில் இருக்கிறேன். அப்படிப்பட்ட என் எழுத்தை லாட்டரிக்காரர் சரிபார்த்தார் என்பதை விழுங்கக் கொஞ்ச நாளாயிற்று. அந்தக் கொஞ்ச நாளில் மாடம்மாளைத் தெரிந்துகொண்டேன். கோபம் போய்விட்டது. அவர் எல்லாரிடமும் அப்படித்தான்.

மாடம்மாள் தோவாளையில் பிறந்தவர். அந்த ஊரில் பிறந்த பெண் பிள்ளைகளின் விரல்கள் பள்ளிக்கூடம் போகும் முன்பே வாழைநாரில் பூவை முடியத் தொடங்கிவிடும். கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தார். கணவர் பால்பாண்டி திருநெல்வேலிப் பக்கம், கான்கிரீட் வேலை. இப்போது விழிஞ்ஞத்தில் ஒரு கட்டட வேலையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். வந்ததும் மாடம்மாள் அவருடைய சோற்று டப்பாவை வாங்கி மூடியை முகர்ந்து பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

"மீங்கறி மணம் இல்லியே. யாருக்குக் குடுத்திய?"

"பெங்காலிப் பய ஒருத்தன், பாவம், பசியாக்கும்னான்."

"பயலா, பெண்ணா?"

"மீசை வச்சிருந்தான் பிள்ளே," என்பார் பால்பாண்டி. மாடம்மாள் மூடியை இன்னொரு முறை முகர்வார். மீசையின் மணமும் அதில் தெரிந்துவிடும் என்பதுபோல.

இப்படிப்பட்டவரை யாரும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். தேர்ந்தெடுக்கவும் இல்லை. கோயில் நடையை ஒட்டிய நடைபாதையில் ஏழு பெண்கள் பூ விற்றார்கள். எல்லாரும் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தோவாளைப் பூ வேன் வரும்போது முதலில் வந்தவளுக்கு முதல் இடம், அவ்வளவுதான். சண்டை வந்தால் சண்டை. தலைவி என்று ஒருத்தி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தேவை வந்தது, பக்கத்தில் மூன்று மாடித் துணிக்கடை வந்தபோது. கடைக்கு வரும் கார்கள் நிற்க இடம் வேண்டும். நடைபாதையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடையின் சூப்பர்வைசர் பிரஜின் முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தான். "சேச்சிமாரே, நமக்குள்ளே எந்தினா பிரஷ்னம்?" என்று ஏழு பேருக்கும் சாயாவும் பருப்புவடையும் வரவழைத்தான். ஆறு பேர் குடித்தார்கள். மாடம்மாள் மட்டும் கப்பைக் கையில் வாங்கவே இல்லை.

"எதுக்காக்கும் சாயா?" என்று கேட்டார்.

"சும்மா சேச்சி."

"சும்மா ஒருத்தன் சாயா தருவானா?"

மறுநாள் கரமனை முழுக்க எல்லார் வாட்சாப்பிலும் அந்தப் படம் வந்தது. ஆறு பெண்கள் சிரித்தபடி சாயா குடிக்கிறார்கள், நடுவில் பிரஜின் நிற்கிறான், பூக்காரிகள் மனமுவந்து பின்சந்துக்கு மாறச் சம்மதித்துவிட்டார்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. படத்தில் இல்லாதவர் மாடம்மாள் ஒருவர்தான். அன்றிலிருந்து அவர் சொன்னபடி ஆறு பேரும் நடந்தார்கள். ஊரில் உள்ளவர்கள் குறையாகச் சொல்லும் சந்தேகம் அவருக்குக் கிரீடமாக ஆனது. இசக்கிசெல்விதான் முதலில் 'மகாராணி' என்று பேர் வைத்தாள். ஏழு பேரில் இளையவள், வாய்க்காரி. காலையில் மாடம்மாள் கூடையோடு தெருமுனையில் திரும்பும்போதே, "மகாராணி எழுந்தருளியாச்சு, எந்திரிங்கடீ," என்பாள். அப்போது அதில் கேலியைவிடப் பெருமைதான் அதிகம்.

சண்டை ஒன்றரை வருஷத்துக்குமேல் நடந்தது. கடைக்காரர்கள் விடியுமுன் நடைபாதையைக் குழாய் வைத்துக் கழுவி ஈரமாக்கினார்கள். கடைக் காவலாட்கள் வந்து குடையைப் பிடுங்கினார்கள். மாநகராட்சியில் புகார் கொடுத்து, கூடைகளை ஏற்றிக்கொண்டு போக வண்டி வரவழைத்தார்கள். பெண்கள் ஓடுவார்கள், வண்டி போனதும் திரும்பி வந்து உட்காருவார்கள். நான் மனு எழுதுவேன். மாடம்மாள் அதை இன்னும் இரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்ப்பார்.

அவர் போட்ட சட்டங்கள் பல. முக்கியமானது போன் கூடை. ஏதாவது கூடிப் பேச வேண்டுமென்றால் ஏழு பேரின் போனும் ஒரு கூடையில் போக வேண்டும். மேலே வாழையிலையைப் போட்டு, அதன்மேல் ஈரச் சாக்கையும் போட்டு, கூடையைக் கோயில் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்துதான் பேச்சு. ஒருநாள் என் போனையும் கேட்டார்.

"நான் எதுக்குக்கா? நான் உங்க கட்சியாக்கும்."

"அதுனாலதான் மொதல்ல உன்கிட்ட கேக்கேன்."

இன்னொரு சட்டம், நாளைக்கு எங்கே உட்காருவது என்பதை இன்றைக்கு யாருக்கும் சொல்லக்கூடாது. பூ வேன் ஓட்டும் ஞானையன் அதில்தான் மாட்டினார். வேனை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. ஒருநாள் மாடம்மாள் வேண்டுமென்றே, "நாளைக்கு மேக்க பஸ் ஸ்டாப்புப் பக்கம்," என்று அவரிடம் மட்டும் சொன்னார். மறுநாள் பஸ் ஸ்டாப்புப் பக்கம் காவலாட்கள் நின்றார்கள். ஞானையன் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் கையிலிருந்து ஒருத்தியும் பூச்சாக்கை வாங்கவில்லை. வேனில் ஏறி அவர்களே இறக்கிக்கொண்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை; கோயிலுக்கு வரும் கூட்டத்தின் வண்டிகளை ஒதுக்கக் காவலாட்கள் வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் போய் மாடம்மாளிடம் சொன்னேன்.

"பாவம்க்கா, அவர் ஒண்ணும் சொல்லல்ல."

"சொல்லல்லன்னா, சொல்லணும்னு நெனச்சிருப்பான்," என்றார் அவர். அத்தோடு முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மூலை இடம். நடைபாதை துணிக்கடையைத் தொடும் மூலை அது. காவலாட்கள் வந்தால் முதல் உதை விழுவது அந்தக் கூடைக்கு. கழுவிய தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். அங்கே ஒருத்தி உட்காராவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் பூந்தொட்டி வந்துவிடும். தொட்டிக்குப் பின்னால் சங்கிலி வரும். ஆகவே மற்றவர்கள் எங்கே மாறி உட்கார்ந்தாலும் அங்கே தினமும் யாராவது உட்கார்ந்தே தீர வேண்டும். யார் என்பதை அம்மன் சொல்லட்டும் என்றார் மாடம்மாள்.

எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கம். பெண் கொடுக்கலாமா, வீடு வாங்கலாமா என்று மனசு இரண்டுபட்டால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன் வைத்து ஒன்றை எடுப்பார்கள். இவர்கள் ஏழு பொட்டலம் வைத்தார்கள். ஆறில் நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்புத் தெச்சி. வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டுவது மாடம்மாள். நடையில் தட்டை வைத்ததும் வயதில் மூத்த ரத்னாபாய் முதலில் எடுப்பார். அவர் சபைக்குப் போகிறவர். "யேசப்பா மன்னிக்கணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார். பிறகு ஒவ்வொருத்தியாக. மாடம்மாள் கடைசி. தலைவியாக இருப்பவள் மிச்சத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். தெச்சி வந்தவளுக்கு அன்றைக்கு மூலை.

தெச்சி மாடம்மாளுக்கே வந்தது. ஒருநாள் இருநாள் இல்லை. எப்போதாவது இசக்கிசெல்விக்கு வரும், மற்ற நாளெல்லாம் அவருக்குத்தான். "அம்மன் உங்களுக்குத்தானக்கா தாறா," என்று மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போவார். அவருடைய இடது முழங்கையில் இப்போதும் ஒரு தழும்பு இருக்கிறது; காவலாள் குடையைப் பிடுங்கியபோது கம்பி கிழித்தது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏழில் ஒரு பங்குதான் அவருக்கு வர வேண்டும். நான் கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, ஆனால் இதற்குக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை. இவர் ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். டிவிக்காரர்கள் வந்தால் கேமரா முதலில் பார்ப்பது மூலையைத்தான். புகழ் ஆசையாக இருக்கும். எனக்கும் அந்தச் சந்தேக நோய் தொற்றிவிட்டிருந்தது.

பிறகு ஒருநாள் சண்டை முடிந்தது. எந்த மனு பலித்தது, எந்தக் கூட்டத்தில் முடிவானது என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. என் மனுதான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஆர்ஷா என்ற இளம் பெண் வந்தார். கூட வந்தவர்கள் நடைபாதையில் மஞ்சள் பெயிண்டால் ஏழு கட்டம் போட்டார்கள். ஏழு பேருக்கும் படம் ஒட்டிய அட்டை கிடைத்தது. இனி யாரும் எழுப்ப முடியாது.

"எந்தக் கட்டம் ஆர்க்குன்னு நிங்ஙள்தன்னே தீருமானிச்சோ. ஒரு மாசம் கழிஞ்ஞு வரும்போ பேரு பறஞ்சா மதி," என்றார் ஆர்ஷா. "பிறகு மாற்றான் பற்றில்ல, கேட்டோ." எந்தக் கட்டம் யாருக்கு என்று இவர்களே முடிவு செய்து ஒரு மாசத்தில் பேர் சொன்னால் போதும், பிறகு மாற்ற முடியாது என்று அர்த்தம்.

துணிக்கடைக்காரர்களும் தோல்வியை ஒத்துக்கொண்டு கார்களைப் பின்சந்துக்குக் கொண்டு போனார்கள். ஆனால் அவர்கள் சும்மா இருக்கும் ஆட்கள் இல்லை. பக்கவாட்டுச் சுவரை உடைத்து ஒரு கண்ணாடிக் கதவு வைத்தார்கள். கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டு வெளியே வரும் குடும்பம் மொத்தமும் அந்தக் கதவு வழியாக வந்து, முதல் அடியை மூலைக் கூடைக்கு முன்னால்தான் வைக்கும். உதை விழுந்த இடம் ஒரே வாரத்தில் ஏழு கட்டத்திலும் பெரிய வியாபாரம் நடக்கும் இடமாகிவிட்டது.

எம்.ஏ. இரண்டாம் வருஷப் பரீட்சையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பெரும்போரின் முடிவில் முடியரசர்கள் அதிகாரம் இழந்தது ஏன்? பக்கம் பக்கமாக எழுதினேன். தோல்வி, பஞ்சம், ஊர் திரும்பிய படைவீரர்கள், ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள். ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா, துருக்கி என்று ஒவ்வொன்றாக. நல்ல மார்க் கிடைத்தது. தோற்ற அரசன் போவான். அதில் அதிசயம் என்ன இருக்கிறது? நான் இப்போது குடியிருக்கும் இந்த ஊரின் அரண்மனை அடுத்த பெரும்போரில் ஜெயித்த பக்கம்தான் நின்றது. போர் முடிந்து சில வருஷத்தில் ஆளும் அதிகாரம் அங்கிருந்தும் போய்விட்டது. ஜெயித்தவர் ஏன் போகிறார் என்பதற்கு என் விடைத்தாளில் ஒரு வரி கிடையாது. ஆர்ஷா மறுபடி வருவதற்கு முந்தின நாள் காலை கோயில் நடையில் நின்றபோது அந்த வரி எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

"பூக்கட்டியே போட்டுருவோம்," என்று ரத்னாபாய்தான் சொன்னார். தெச்சி எடுத்தவளுக்கு மூலைக் கட்டம், இந்த முறை ஆயுசுக்கும். மற்ற கட்டங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி. எல்லாரும் சரி என்றார்கள். மாடம்மாள் வழக்கம்போல் மடியில் இலையை வைத்துக்கொண்டு ஏழு பொட்டலம் கட்டினார். பூசை செய்யும் போற்றி அதை வாங்கிக் கொண்டுபோய் அம்மன் முன் காட்டிவிட்டு வந்து தட்டை நடையில் வைத்தார். மாடம்மாள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்னாபாயக்கா, எடுங்க."

ரத்னாபாயின் கை நீளும் முன்பே இன்னொரு கை நீண்டது. பின்னாலேயே இன்னும் நான்கு. அத்தனை கையும் ஒரே பொட்டலத்தின்மேல் போய் விழுந்தன. தட்டு கவிழ்ந்தது. பொட்டலங்கள் படியில் உருண்டன. இலை பிரிந்து தெச்சி சிதறிக் கிடந்தது. தட்டில் வேறு ஆறு பொட்டலம் இருந்ததை ஒருத்தியும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் குனிந்து அந்தப் பொட்டலத்தின் நாரை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரத்னாபாய் மெதுவாகச் சொன்னார்: "மத்தது எல்லாம் ஒத்தச் சுத்து, தம்பி. இது ரெட்டைச் சுத்து. வாலை உள்ள மடக்கியிருக்கு பாரு." பூக்கட்டிப் பிழைப்பவர்களுக்கு முடிச்சு என்பது முகம்போல. யார் கட்டியது, எந்த அவசரத்தில் கட்டியது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் நாரால் கட்டிய பொட்டலத்தில் இத்தனை நாளும் அம்மன் வாக்குக் கேட்டிருக்கிறார்கள்.

"ரெட்டைச் சுத்து," என்றாள் இசக்கிசெல்வி. குரல் உயர்ந்துவிட்டது. "செகப்புக்கு மட்டும் ரெட்டைச் சுத்து. இத்தன நாளும் இப்படித்தான் கெட்டினியளா?"

"இத்தன நாளும் ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னே இண்ணைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இசக்கிசெல்வி விடுகிறவள் இல்லை. கவிழ்ந்த தட்டைக் கையில் எடுத்தாள். "தட்டை ஆரு சாய்ச்சா? நீங்கதானே பிடிச்சிருந்திய? எல்லாரும் எடுக்க வாறதைப் பாத்துட்டுச் சாய்ச்சிட்டிய."

"நான் எதுக்குச் சாய்க்கேன்?"

"மூலை போயிரும்லா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். தட்டைச் சாய்த்தது ஐந்து கைகளின் பாரம். அதைச் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை.

மாடம்மாள் எழுந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை. "சண்டைக்காலத்துல ஒருத்தியாவது அதைத் தொட்டியளாடீ? தேளு கெடக்காப்புல சுத்திச் சுத்தி வந்துதானே மத்தத எடுத்திய? மிஞ்சினது எனக்கு. நீங்க பாத்து வெலகணும்னுதான் ரெட்டைச் சுத்து. கை அப்படியே பழகிப்போச்சு, இண்ணைக்கும் கெட்டிட்டேன்."

"நான் எடுத்திருக்கேன்!"

"எடுத்தே. அண்ணைக்கெல்லாம் உனக்க மாப்பிளைகூடச் சண்டை. எவனையாவது அடிக்கணும்னு வந்து நின்னே."

வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ரத்னாபாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கோபுரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் படியில் கிடந்த தெச்சியைப் பார்த்தார்கள். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முடிச்சில் அடையாளம் வைத்ததைக்கூடப் பொறுத்திருப்பார்கள். தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் ஆபத்தை அவர் தலையில் விட்டோம் என்பதை அவர் வாயால், கோயில் நடையில், போற்றி கேட்க, சொல்லக் கேட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அவரைப் பார்க்கும் போதெல்லாம் இனி அது ஞாபகம் வரும்.

இசக்கிசெல்விதான் முதலில் பேசினாள். "செரி, அதெல்லாம் இருக்கட்டும். இனி மகாராணி கெட்ட வேண்டாம். நமக்குள்ள ஒருத்தியும் கெட்ட வேண்டாம். முடிச்சே போடத் தெரியாத ஆள் கெட்டட்டும்."

ஏழு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பட்டம் வாங்கியதற்குப் பிறகு இப்படி ஒரு தகுதிக்காக என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு கோணத்தில் நின்றது. ஒன்று கட்டும்போதே அவிழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கலைத்தேன். எது சிவப்பு என்று சத்தியமாக எனக்கே தெரியாது. தட்டைப் பார்த்ததும் ரத்னாபாய், "இது என்ன, கோழி கிளறினாப்புல?" என்றார். அவர்கள் கண்கள் தட்டின்மேல் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

ரத்னாபாய் எடுத்தார். வெள்ளை. அடுத்தவள், வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. இசக்கிசெல்வி கண்ணை மூடி முத்தாரம்மனை அழைத்து, இரண்டு பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டு விட்டு, மூன்றாவதை எடுத்தாள். நந்தியாவட்டை. மிச்சமிருந்த இரண்டு பேரும் எடுத்துப் பிரித்தார்கள். இரண்டும் வெள்ளை.

தட்டில் ஒரு பொட்டலம் கிடந்தது. அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாடம்மாள் பிரித்தார். தெச்சி.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"படிச்ச பிள்ளையாக்கும்," என்றாள் இசக்கிசெல்வி. "ஒண்ணும் தெரியாதாக்கும்னு நெனச்சோம்."

"அக்கா, சத்தியமா எனக்கு..."

"மனு எழுதினது ஆருக்கு? சாயங்காலம் மாடிப்படியேறி வாறது ஆரு? நாங்க கண்ணில்லாதவளுகளா?"

மறுநாள் ஆர்ஷா வந்து, "ஆராணு லீடர்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்விக்கு எல்லார் தலையும் ஒரே பக்கம்தான் திரும்பும். அன்றைக்கு ரத்னாபாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இசக்கிசெல்வி," என்றார். அடுத்தவளும் அதையே சொன்னாள். மாடம்மாள் கூடைக்குள் கையை விட்டுப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தன் பேரை மூலைக் கட்டத்துக்குச் சொன்னார். விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். "அம்மன் தந்ததை நான் எதுக்கு விடுகேன்?" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். உள்ளதைச் சொல்லு. எனக்காகக் கெட்டினியா?"

"இல்லக்கா. எங்கப்பா மேல சத்தியமா இல்ல. எது செகப்புன்னு எனக்கே தெரியாது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனுவை மூன்று பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன அதே பார்வை. இதை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"செரி, விடு," என்றார். ஞானையன் சத்தியம் செய்தபோதும் அவர் அப்படித்தான் சொன்னார்.

அம்மன் தந்தாளா, நான் தந்தேனா என்பது தெரியாமல் படியிறங்கிப் போனார்.

இப்போது மூலையில் நல்ல வியாபாரம். பட்டுப் பைகளோடு வருகிறவர்கள் விலைகூடக் கேட்காமல் மல்லிகையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மஞ்சள் கட்டத்தை யாரும் தாண்டுவதில்லை. இசக்கிசெல்வி தலைவியானதும் முதல் வேலையாகப் போன் கூடையை ஒழித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஞானையன் பூச்சாக்கை அவளிடம்தான் எண்ணி இறக்குகிறார். மாடம்மாளின் சாக்கு கடைசியில் இறங்கும். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எண்ணுவார்.

சண்டைக்காலத்தில் எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போகிறவள் பக்கத்தில் இருப்பவளிடம், "கொஞ்சம் பாத்துக்க," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். ஒருத்தி ஏழு கூடையைப் பார்த்துக்கொண்ட நாளும் உண்டு. இப்போதும் அவர்கள் அப்படித்தான் போகிறார்கள், ஆறு பேரும்.

நேற்று நான் சாயாக்கடையில் நின்றிருந்தேன். மாடம்மாள் மூலையில் எழுந்து, இடது பக்கம் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவள் நாரில் கண்ணாக இருந்தாள். அவர் குனிந்து, விற்காத பூவோடு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து சாயா குடிக்க வந்தார். கடையில் பெஞ்சு காலியாக இருந்தது. கூடையை இறக்கவில்லை. ஒரு கையால் கூடையையும் மறு கையால் கிளாஸையும் பிடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தார்.

"இறக்கி வையுங்கக்கா, நான் பாத்துக்கிடுகேன்," என்றேன்.

"வேண்டாம் தம்பி," என்றார்.